தாய்மாமன் தாடி

அண்ணனின் தாடியைக் கோகிலவாணி ஐந்து வருடமாகக் கைபேசித் திரையில்தான் பார்த்திருந்தாள். திரையில் அது முகத்தைச் சுற்றிய ஒரு கறுப்பு நிழல், அவ்வளவுதான். பெங்களூரு விமான நிலைய வாசலில், கம்பித் தடுப்புக்கு அப்பால் நேரில் பார்த்தபோது அது சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் நரை, நடுவில் மட்டும் கறுப்பு. ஒரு காவலர் அவனிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி வருதுங்க சார். ஹாலந்துல இருந்து. தக்காளி எறக்கிட்டு நேரா வந்துட்டேன்," என்று அருள்குமார் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

பெட்டி வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த யுகன், "அம்மா, அதுவா மாமா?" என்று கேட்டான். அருள்குமார் தடுப்பைத் தாண்டிக் கை நீட்டி அவனைத் தூக்கினான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பையனின் தலையைத்தான் பார்த்தான். தோள்வரை தொங்கிய முடி, பின்னால் ஒரு ரப்பர் பேண்டில் கட்டியது. அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் ஒரு நிமிடம் வைத்திருந்தான்.

"ஒரு முடி கொறையாம கொண்டாந்துட்ட பாப்பா," என்றான்.

கோகிலவாணி பெட்டியின் கைப்பிடியைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

யுகன் பிறந்தது 2021 ஜனவரியில், ராட்டர்டாம் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஏழாம் மாதத்தில். ஆயிரத்து இருநூறு கிராம். நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். கொரோனா காலம், அம்மா அப்பாவில் ஒருவர்தான் உள்ளே போகலாம். இரண்டாம் நாள் செய்தி மாரண்டஹள்ளிக்குப் போனபோது அருள்குமார் தக்காளிக் காட்டில் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். கைமெஷினை இறக்கிவைத்துவிட்டுக் கிழக்கே பார்த்து நின்று வேண்டிக்கொண்டான். பையன் பிழைத்தால் அவனுடைய பிறந்த முடியைத் தன் மடியில் வைத்து இறக்குவதாகவும், அதுவரை தன் முகத்தில் கத்தி படாது என்றும். வேண்டியது தன் குலசாமியிடம் அல்ல. குழந்தை அப்பா வழிச் சாமிக்குத்தான் சொந்தம் என்பதால் தங்கை கணவன் ரஞ்சித்குமார் வீட்டு முனியப்பனிடம், இண்டூர்ப் பக்கத்துக் காட்டில் இருக்கும் முனியப்பனிடம். யுகன் வீட்டுக்கு வந்த அன்றுதான் இதைத் தங்கைக்குப் போனில் சொன்னான். "சரிண்ணா," என்று அவள் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கோயிலில் மொட்டை. ஆனால் அண்ணன் கையில் எடுத்துப் பார்த்த முடி பிறந்த முடி அல்ல. அதை அவளே ஒருமுறை வெட்டிவிட்டாள். அந்த உண்மை அவளையும் அவள் கணவனையும் தவிர யாருக்கும் தெரியாது. நாளைக் காலைக்குள் அண்ணனிடம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எப்போதும் சொல்லாமலே இருந்துவிட வேண்டும். விமானத்தில் ஒன்பது மணி நேரமும் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள்.

ரஞ்சித்குமார் வரவில்லை. அவனுடைய குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது பெரும்பாடு. யுகனுக்கு ஐந்து வயது முடிந்தால் பள்ளி விடுப்புக்குத் தலைமை ஆசிரியரிடம் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால் கார்த்திகையிலேயே கிளம்பச் சொன்னவன் அவன்தான். கிளம்பும்போது, "சொல்லிடு. சொல்லாம அவர் மடியில உக்கார வெக்காத," என்று மட்டும் சொன்னான்.

பிக்கப் வண்டியில் முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் காலித் தக்காளிக் கிரேடுப் பெட்டிகள் ஒவ்வொரு மேட்டிலும் சடசடத்தன. ராட்டர்டாமில் காரில் யுகனுக்கென்று தனி இருக்கை, கட்டிவைக்க மூன்று வார். இங்கே அவன் அம்மா மடியில் உட்கார்ந்து கியர் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"மார்க்கெட்டுல என்னய என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா?" என்றான் அருள்குமார். "ஸ்வாமி. 'ஏனு ஸ்வாமி, இவத்து எஷ்டு பாக்ஸ்?' இன்னைக்கி எத்தன பெட்டின்னு. மண்டிக்காரன் ஒருத்தன் போன மாசம் கால்ல வுழுந்துட்டான். பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போவுதாம்."

"நீ என்ன பண்ண?"

"தைக்குள்ள முடியும்னேன். நிச்சயம் ஆயிருச்சு. இப்ப எனக்கு முன்னால யாருக்கும் எடை போட மாட்டேங்கறான்."

அவள் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் வண்டி சில்க் போர்டு மேம்பாலத்தின் கீழே நின்றது. வலது பக்கம் மடிவாளா.

இந்த மடிவாளாவில்தான் அவள் ஆறு வருடம் இருந்தாள். 2008-ல் முதல் வேலை கிடைத்தபோது அப்பா மாதையன் அவளைத் தக்காளி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரு பெண்கள் விடுதியில் விட்டார். ஒரு அறைக்கு நான்கு பேர், ஒரு ஜன்னல், அதில் ஒரு பன்னீர் மரம். அப்பாவுக்குப் பெங்களூரு என்றால் மார்க்கெட்டும் அந்த விடுதியும் இரண்டுக்கும் நடுவில் ஓடும் ஒரே ஒரு பஸ்ஸும்தான். மூன்றாவது இடம் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. மாதத்தில் இரண்டு முறை லோடு கொண்டுவருவார். இறக்கிவிட்டுக் காலை ஏழு மணிக்கு விடுதிப் படியில் வந்து உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு துணிப்பை. அதில் அவரைக்காய் இருக்கும், அல்லது கொள்ளு, அல்லது வீட்டில் வறுத்த நிலக்கடலை. விடுதிக்காரம்மாவுக்கு ஒரு பங்கு. அவர் பேசும் கன்னடம் மாரண்டஹள்ளிக் கன்னடம்; அந்தம்மா அதைக் கேட்டுச் சிரிப்பார், அப்பாவும் கூடச் சிரிப்பார்.

"இவ்ளோ பேரு எங்கதான் போறாங்க?" என்று ஒவ்வொரு முறையும் அந்தச் சாலையைப் பார்த்துக் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். எட்டரை மணிக்கு அவள் அலுவலக வண்டி வரும்வரை இருப்பார். அவள் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். ஒருநாள் அவளுடைய வண்டி வளைவில் நின்றபோது கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்பா நிறுத்தத்தில் நின்று, வரிசையாக வந்த வெள்ளை வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதில் அவள் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ராட்டர்டாமில் பத்து வருடம் ஆகிவிட்டது. உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த ராட்டர்டாம் என்பதோ வீடு, குழந்தைகள் காப்பகம், அலுவலகம், மூன்றையும் கோத்துப் போகும் ஒரு டிராம் பாதை. டிராமில் உட்கார்ந்து மழை வழியும் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சில நாட்களில் அப்பாவின் கேள்வி அவளுக்கே வரும். இவ்வளவு பேரும் எங்கேதான் போகிறார்கள். அந்த நகரத்தை அவள் வெறுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு கிராமைப் பதினைந்து கிலோ ஆக்கிக் கொடுத்த ஊர். பெங்களூருவை நினைத்து ஏங்குவதுபோல ஒருநாள் அதையும் நினைத்து ஏங்குவாள் என்று தெரிந்தே அங்கே இருந்தாள்.

"அப்பா நெனப்பா?" என்று அருள்குமார் கேட்டான்.

"ஆமாண்ணா."

"எனக்கு இந்த சிக்னல்ல தெனம் வரும்," என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினான்.

ஒசூர், ராயக்கோட்டை தாண்டி மாரண்டஹள்ளி வந்து சேரும்போது மதியம் இரண்டு மணி. வழியில் ஒரு டீ, ஒரு மூத்திரம், பையனுக்கு ஒரு வாழைப்பழம். மூன்று முறை அவள் வாயெடுத்தாள். மூன்று முறையும் பையன் தூங்கவில்லை, அல்லது அண்ணனுக்குப் போன் வந்தது, அல்லது அவளே வேறு எதையோ கேட்டாள்.

வீட்டில் அண்ணி சுகுணா மறுநாள் தட்டு வரிசையைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். தாய்மாமன் சீராகப் பையனுக்குப் பட்டு வேட்டி, சட்டை, வெள்ளி அரைஞாண். அருள்குமார் சாப்பிட்டுவிட்டுப் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போனான். சுகுணா வெற்றிலை துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நாளையோட இந்த வூட்டுக்கு விடிவு காலம் கோகிலா. அஞ்சு வருசமா ஒரு முனிவரோட குடும்பம் நடத்தறேன். எந்தங்கச்சி கல்யாணத்துல போட்டோக்காரன் இவர மட்டும் ஓரமா நிக்கச் சொல்லிட்டான். சோறு உண்ணா பாதி தாடிக்குத்தான் போவுது."

"ரொம்ப கஷ்டம்தான் அண்ணி உங்களுக்கு."

"எனக்கென்ன கஷ்டம். உங்கப்பாரு காரியத்துலதான் பெரிய ரகளையே ஆச்சு. உனக்குச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. நாளைக்கித்தான் முடியப்போவுதே, இனி என்ன."

கோகிலவாணி வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

அப்பா இறந்தது 2021 மே மாதம், மாரடைப்பில். இந்தியாவுக்கு விமானங்கள் நின்றுபோயிருந்த நேரம். யுகனுக்கு நான்கு மாதம். அவள் அப்பாவின் அடக்கத்தைப் பதினொரு நிமிடம் கைபேசியில் பார்த்தாள். பிறகு சிக்னல் போய்விட்டது. பதினோராம் நாள் கருமாதியையும் அப்படித்தான் பார்த்தாள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். அண்ணன் தலை மழித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நின்றது ஞாபகம் இருந்தது.

"தலைய மட்டுந்தான் குடுத்தாரு," என்றாள் சுகுணா. "மொகத்துல கத்தி வெக்க வுடல. பங்காளிங்க எல்லாம் பந்தல்லயே புடிச்சிக்கிட்டாங்க. மொகத்துல மசுர வெச்சிக்கிட்டு அப்பனுக்குக் காரியம் பண்ற மவன இப்பத்தான் பாக்கறோம்னு. பெரிய சித்தப்பா சாப்பிடாமயே எந்திரிச்சுப் போயிட்டாரு, இன்னும் பேச்சு வார்த்த இல்ல. உங்கண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அப்பா போயிட்டாரு, பையன் இருக்கறான்னு."

மாலையில் அருள்குமார் திரும்பி வந்தபோது யுகன் அவன் தோளிலேயே தூங்கியிருந்தான். ஒரு கை தாடிக்குள் இருந்தது. கோகிலவாணி பையனை வாங்கிப் படுக்கவைத்துவிட்டு, தனக்கும் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பாலக்கோடு, தருமபுரி, அங்கிருந்து இண்டூர். கிரேடுகளை இறக்கிவிட்டுப் பின்னால் பாய் விரித்து அதில் சுகுணாவும் தட்டு வரிசையும். கோயிலில் கோகிலவாணியின் மாமியார் தீர்த்தம்மாள் ஏற்கெனவே பொங்கல் வைத்து முடித்திருந்தாள். வெட்டவெளியில் ஓர் ஆள் உயரத்துக்கு மீசையும் அரிவாளுமாக முனியப்பன். பூசாரி ஆண்டி நெற்றி நிறையத் திருநீறுடன் மணியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடி இறக்குகிறவர் வேப்பமரத்தடியில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுக் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டினார்.

"தாய்மாமன் வரலாம்," என்றார் ஆண்டி.

அருள்குமார் சட்டையைக் கழற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டான். மணையில் உட்காரக் கால் மடக்கும்போது கோகிலவாணி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணா, உக்காராத. ஒண்ணு சொல்லணும்."

அவளைப் பார்த்துவிட்டு அவன் நிமிர்ந்தான். இரண்டு பேரும் மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

"இது அவன் பொறந்த முடி இல்லண்ணா. ஒருக்கா நான் வெட்டிட்டேன்."

"என்ன சொல்ற?"

"காப்பகத்துல பேனு. எல்லாப் புள்ளைங்களுக்கும். என்ன போட்டும் போவல. ராத்திரியெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாயிருச்சு. சீப்பு வெச்சா கத்தறான். ஒரு ஞாயித்துக்கெழம குளியல்ரூம்ல வெச்சு நானே கத்தரியால வெட்டிட்டேன்."

"எப்ப?"

"ரெண்டாயிரத்தி இருவத்தி மூணுல, பிப்ரவரில."

அவன் எதையோ மனதுக்குள் வரிசைப்படுத்துவது தெரிந்தது. "அந்த ஏப்ரல்ல வர்றேன்னு டிக்கெட்டு போட்டியே. மாப்ளைக்கி வேல மாத்தறாங்கன்னு சொன்ன."

"வேல மாத்தல. முடி வளரல, அதான் வரல."

"தொப்பி போட்டே காட்டுவியே போன்ல. மே மாசம் வரைக்கும். குளிருதுன்ன."

"பொய்தாண்ணா."

"பாவம் அந்த ஊரு குளுருன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றான் அவன். குரல் ஏறவில்லை. "அப்பா போனதுக்கு அப்பறம்தான் வெட்டியிருக்கற."

"அண்ணி நேத்துதான் சொன்னாங்க. அப்பா காரியத்துல நடந்தது எனக்குத் தெரியாதுண்ணா."

"தெரிஞ்சிருந்தா வெட்டியிருக்க மாட்டியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கண்முன் வந்தது. குழந்தையின் கழுத்தில் ரத்தக் கோடுகள், குளியலறைத் தரையில் சுருள் சுருளாக முடி. தெரிந்திருந்தாலும் வெட்டியிருப்பாள். ஆனால் அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள்.

"வெட்டியிருப்பேன்," என்றாள். "ஒங்கிட்ட சொல்லியிருப்பேன்."

அருள்குமார் பிக்கப் வண்டிக்குப் போனான். பின்கதவைத் திறந்து பாயைச் சுருட்டினான், மறுபடி விரித்தான், மறுபடி சுருட்டினான். கோகிலவாணி அங்கே போகப் பார்த்தாள். சுகுணா கையைப் பிடித்து நிறுத்தினாள். "வுடு. அவரு பாய் சுருட்டி முடிக்கட்டும்."

விஷயம் அதற்குள் தீர்த்தம்மாள்வரை போய்விட்டது. கோகிலவாணி பயந்ததெல்லாம் மாமியாருக்குத்தான். தீர்த்தம்மாள் பொங்கல் கரண்டியுடன் எழுந்து வண்டியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"ஏம்ப்பா அருளு. பேனு வுழுந்தா வெட்டாம, பின்ன வளத்தா வெச்சிருப்பாங்க? மொதல்ல எம்பேரன் தலைய யாரக் கேட்டுப்பா நீ வேண்டிக்கிட்ட?"

கூடியிருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். அருள்குமார் பாயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"நாயந்தான் அத்த," என்றான். பிறகு ஆண்டியிடம், "பூக் கேளுங்க பூசாரி. சாமி என்ன சொல்லுதோ அதும்படி," என்றான்.

வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. ஆண்டி ஒவ்வொன்றையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்து நாரில் கட்டி, கையில் குலுக்கி, முனியப்பன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். முதல் கேள்வி, இருக்கிற முடியை இறக்கலாமா என்று. யுகனை எடுக்கச் சொன்னார்கள். பிறந்தநாள் பரிசைப் பிரிப்பதுபோல அவன் கவனமாக நாரை இழுத்தான். வெள்ளை.

"பையனுக்கு ஒண்ணும் இல்ல. தாராளமா எறக்குங்க," என்றார் ஆண்டி.

இரண்டாவது கேள்வியை அருள்குமார் தானே கேட்டான். வேண்டுதல் தீர்ந்ததா, இந்தத் தாடியை இங்கே இறக்கலாமா என்று. யுகன் எடுத்தான். சிவப்பு.

யுகன், "இன்னொண்ணு பிரிக்கட்டா?" என்று கேட்டான்.

"இன்னொரு தடவ போடுங்க," என்றான் அருள்குமார்.

"சாமிகிட்ட பேரம் பேசறயா?"

"தக்காளிக்கு அஞ்சு தடவ பேசறேன் பூசாரி. இதுக்கு ஒரு தடவ பேசக்கூடாதா?"

ஆண்டி மறுபடி மடித்துக் குலுக்கிப் போட்டார். மறுபடி சிவப்பு. ஆண்டி பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ சொன்ன சொல்லு பொறந்த முடி. அது வரல. வேண்டுதல் நிக்குது. அடுத்த வருசம் ஒரு கெடா வெட்டிடு, சரியாப் போவும். ஆனா தாடிய இங்க எறக்கச் சாமிக்குச் சம்மதம் இல்ல."

கோகிலவாணி அண்ணனைப் பார்த்தாள். இப்போது அவன் கத்தினால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தாடியைக் கையால் வழித்துக்கொண்டே சிலையின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கெடா வெட்டிடலாம்," என்று சொல்லிவிட்டு மணையில் உட்கார்ந்தான். "குடு பாப்பா அவன."

அவள் பையனை அவன் மடியில் வைத்தாள். தண்ணீர் தெளித்ததும் யுகன் நெளிந்தான். கத்தி உச்சியில் பட்டதும் இரண்டு கைகளாலும் மாமாவின் தாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கத்தி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவன் இழுக்க, அருள்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தான். "இழுடா, இழு. இன்னம் கொஞ்ச நேரந்தான்," என்றான். ராட்டர்டாமிலிருந்து ரஞ்சித்குமார் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். கோகிலவாணி பையனையே பார்த்துக்கொண்டு கைபேசியைப் பிடித்திருந்ததால் அவனுக்குப் பாதி நேரம் வேப்பமரம்தான் தெரிந்திருக்கும்.

பொங்கல் சாப்பிட்டு முடித்து வண்டி ஏறிய பிறகு, தருமபுரிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அருள்குமார் எதிர்ப்பக்கம் திருப்பினான். பென்னாகரம் சாலை.

"எங்கண்ணா?"

"ஒகேனக்கல்."

"எதுக்கு?"

"சாமி வேணாம்னு சொல்லிருச்சு இல்ல. அப்ப இது எந்தாடி. யாருக்குக் குடுக்கறதுன்னு நான்தான் சொல்லணும்." கியரை மாற்றி ஒரு வளைவைத் தாண்டினான். "அப்பாவுக்குப் பாக்கி வெச்சிட்டேன் கோகிலா. அன்னைக்கிப் பந்தல்ல அத்தன பேருக்கு முன்னால உக்காந்திருந்தேன். நெஞ்சுக்குள்ள ஒண்ணுதான் ஓடிச்சு. அப்பா கோவிச்சிக்க மாட்டாரு, பேரனுக்குத்தானேன்னு. ஆனா மனசு ஆறல. இன்னும் ஆறல. அங்க குடுத்துட்டு வந்திருந்தா அந்தப் பாக்கி அப்படியே நின்னிருக்கும்."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலை இறங்கும் வளைவுகளில் ஈரமான காட்டு வாடை. "எம்மேல கோவம் இல்லியா?"

"கோவந்தான். அது ஒரு வருசத்துக்கு வரும். போன்ல காட்டிக்கறேன்," என்றான். "இனிமே தொப்பி போட்டுக் காட்டாத. அவ்ளோதான்."

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் கூட்டமாக வந்து சூழ்ந்தார்கள். அருள்குமார் அவர்களை விலக்கிக்கொண்டு, ஆற்றோரம் ஒரு பாறையில் பெட்டி வைத்திருந்த வயதான முடிதிருத்துகிறவரிடம் போனான். காவிரி மழைக்காலத்துச் செம்மண் நிறம் தெளிந்து பச்சையாகிக்கொண்டிருந்தது. பெரியவர் தாடியைப் பார்த்து அசந்துபோனார்.

"என்னங்க, வேண்டுதலா?"

"இல்லீங்க. எங்கப்பா காரியம்."

"என்னைக்கித் தவறுனாரு?"

"இருவத்தி ஒண்ணுல."

பெரியவர் கையில் இருந்த கத்தரியோடு நிமிர்ந்து பார்த்தார். "நாலு வருசம் கழிச்சா?"

அருள்குமார் பக்கத்தில் நின்றவளைக் காட்டினான். "மவ வர்றதுக்காகக் காத்திருந்தோம்ங்க. ஃப்ளைட்டு லேட்டு."

சுகுணா வாய்விட்டுச் சிரித்தாள். கோகிலவாணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் பாறையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த பொய்க்காகவும், பதினொரு நிமிடத்தில் போய்விட்ட அந்தச் சிக்னலுக்காகவும், எந்த வண்டியில் மகள் இருக்கிறாள் என்று தெரியாமல் எல்லா வண்டிக்கும் கையாட்டிய மனிதருக்காகவும் சேர்த்து அழுதாள். யாரும் அவளைத் தேற்ற வரவில்லை. சாவு வீட்டில் மகளை அழவிடுவதுபோல விட்டுவிட்டார்கள்.

தாடி கொத்துக் கொத்தாகப் பாறையில் விழுந்தது. கத்தரி முடிந்து கத்தி வந்தது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வெயில் படாத அந்தக் கன்னமும் தாடையும் வெளிறிப்போய், மேல்பாதி கறுத்து, இரண்டு ஆட்களின் முகத்தைச் சேர்த்து ஒட்டியதுபோல் இருந்தது. மொட்டைத் தலையுடன் யுகன் அவனைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தான். பிறகு அம்மாவிடம் வந்து ரகசியமாக, "மாமா எங்க போனாரு?" என்று கேட்டான்.

"மாமா இங்கதான் இருக்கறேன் வாடா," என்று அருள்குமார் கையை நீட்டினான். பையன் போகவில்லை.

முடியைத் திரட்டி எடுத்துக்கொண்டு அவன் தண்ணீரில் இறங்கினான். முழங்கால் அளவு போனதும் திரும்பினான். "நீயும் வா கோகிலா. அன்னைக்கி நீ தல முழுவல இல்ல."

அன்று ராட்டர்டாமில், சிக்னல் போன பிறகு, அவள் குழாயடியில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். வெளியே குழந்தை அழுததும் பாதியில் வந்துவிட்டாள். அதைச் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையோடு இறங்கினாள். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்; மற்றொரு கையில் இருந்ததை ஆற்றில் விட்டான். அது உடனே போய்விடவில்லை. பாறை மறைவில் சுற்றிச் சுற்றி நின்றது. அவன் கையால் அலைத்து நீரோட்டத்துக்குத் தள்ளிவிட்டான்.

"மூணு தடவ," என்றான். "மூக்கப் புடிச்சிக்க."

இரண்டு பேரும் மூழ்கினார்கள். மூன்றாவது முறை எழுந்தபோது கரையில் சுகுணா யுகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போதும், ஏறி வாங்க ரெண்டு பேரும்," என்றாள். "நாளைக்கி லோடு இருக்குது. சளி புடிச்சிக்கிட்டா மார்க்கெட்டுக்கு யாரு போறது, நானா?"